சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு அனுப்பியும் மகன் வீட்டுல இங்கிலீசுதான் கதைக்கிறான், என்ன செய்யலாம்?

நீங்க லண்டன், கனடா பக்கம் எங்கயோ இருக்கிறீங்க எண்டு நினைச்சு எழுதுறன். நான் மட்டக்களப்பு, பறங்கியர் குடும்பம், போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழி வந்த ஆக்கள். எங்கட வீட்டு மொழி போர்த்துக்கீசம். லிஸ்பன்ல கதைக்கிறது இல்ல, 1628ல இங்க கோட்டை கட்டத் தொடங்கின ஆக்களோட வந்து தமிழோட கலந்து எங்கட வாயில வேற மாதிரி ஆன பாஷை. 1638ல ஒல்லாந்தர் கோட்டைய புடிச்ச பிறகும் அது சாகல்ல, ஆனா இப்ப இங்கயும் திருகோணமலையிலயும் கொஞ்ச வீடுகள்லதான் இருக்கு, அதால உங்கட கேள்விய பாத்திட்டு பேசாம போக மனம் வரல்ல.

உங்களுக்கு புத்தகம், டீச்சர், சோதனை எல்லாம் இருக்கு. எங்கட புள்ளைகளுக்கு ஒண்டும் இல்ல. 19ஆம் நூற்றாண்டுல வெஸ்லியன் மிசன்காரர் இந்த பாஷையில புதிய ஏற்பாடே அச்சடிச்சிருக்காங்க, எங்கட வீட்டுல ஒரு தாள் கூட மிஞ்சல்ல. என்ட மகனுக்கு ஸ்கூல்ல தமிழ், டியூசன்ல இங்கிலீசு. வீட்டு பாஷை வந்தது என்ட மாமாட தச்சுப் பட்டறையிலதான். பின்னேரம் அங்க போனா மாமா தமிழ்ல வாயே திறக்கமாட்டார். ஆணிய அவன் ஒவ்வொண்டா ஊங், தோஸ், த்ரேஸ், காத்ரு, சிங்கு எண்டு எண்ணிக் குடுக்கோணும், தமிழ்ல எண்ணினா வாங்கமாட்டார், கைய நீட்டினபடியே நிப்பார். சீவுளி போடுற சத்தத்துக்கு மேலால அவர் கத்திக் கேக்க இவனும் கத்தித்தான் பதில் சொல்லோணும். இலக்கணம் ஒண்டும் சொல்லிக்குடுக்கல்ல, மறுகா பாத்தா மாமியோட சண்டையும் அந்த பாஷையிலதான் புடிக்கிறான்.

வகுப்ப நிப்பாட்டுங்க எண்டு நான் சொல்ல வரல்ல, தயவுசெஞ்சு அப்பிடி எடுக்காதீங்க, எழுத்து வகுப்புலதான் வரும். "பறங்கி ஏன் தமிழுக்கு புத்தி சொல்றான்" எண்டு கேக்கப்போறவங்களுக்கு, தமிழும் என்ட மொழிதான், நான் படிச்சதும் கனவு காண்றதும் அதுலதான்.

இன்னொண்டும் சொல்லோணும். கல்யாண வீட்டுல எங்கட கஃப்ரிஞ்ஞா ஆட்டத்த வீடியோ எடுக்க எங்க எங்கயோ இருந்தெல்லாம் வாறாங்க, சின்னப் புள்ளைகள திரும்பத் திரும்ப ஆட வைக்கிறாங்க, ஒருத்தராவது அதுகள்ட்ட "வீட்டுல என்ன பாஷை மனே கதைக்கிற" எண்டு கேட்டதில்ல.

உங்கட விசயத்துக்கு வாறன். புள்ளைக்கு தமிழ்ல செய்ய ஒரு வேலை குடுங்க. அம்மம்மா ஊர்ல இருந்தா வாட்ஸ்அப்ல சும்மா சுகம் விசாரிக்க மட்டும் விடாம, மீன் ஆணம் வைக்கிறத அவட்ட கேட்டுக் கேட்டு அவனையே சட்டியில வைக்கச் சொல்லுங்க, நீங்க இடையில மொழிபெயர்க்கப் போகாதீங்க. ஆகஸ்ட் லீவுக்கு இங்க வந்தா ஹோட்டல் எடுக்காதீங்க, மச்சான்மார் இருக்கிற வீட்டுல கொண்டுபோய் விடுங்க, மூணாம் நாளே கிரிக்கெட்டுக்கு அவுட்டா இல்லையா எண்டு தமிழ்ல அடிபடுவான்.