செட்டிநாட்டிலிருந்து கடலுக்கும் மலைக்கும்: ரோடு பைக் கேள்வி பதில்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் ரோடு பைக் (தார்ச்சாலைக்கான மெல்லிய டயர் சைக்கிள்) ஓட்டுகிறவர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. காரைக்குடியை மையமாக வைத்தால் கிழக்கே தொண்டிக் கடல், மேற்கே பிரான்மலை, அதற்கும் அப்பால் சிறுமலை. இரண்டு பக்கமும் சைக்கிளில் போகலாம். தூரங்கள் எல்லாம் ஏறத்தாழச் சொன்னவை. உங்கள் தெருவிலிருந்து கணக்கிட்டால் இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடும், குறையும்.

அண்ணே, புதுசா ரோடு பைக் வாங்கியிருக்கேன். இதுவரைக்கும் பத்து கிலோமீட்டருக்கு மேல ஓட்டினதில்ல. எங்க ஆரம்பிக்கலாம்? (காரைக்குடி)

குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி போய்த் திரும்புங்கள் தம்பி. போகவர 26 கி.மீ. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழரைக்குள் வீடு வந்துவிடலாம். மூன்று வாரம் இதையே ஓட்டிப் பழகிய பிறகு பிள்ளையார்பட்டியிலிருந்து வைரவன்பட்டி, திருப்பத்தூர், கீழச்சிவல்பட்டி, இளையாத்தங்குடி, ஆத்தங்குடி என்று சுற்றிக் காரைக்குடிக்கு வரலாம். அது 65 முதல் 70 கி.மீ. வரும். நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் மூன்று இந்த ஒரே சுற்றில் வந்துவிடும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஓர் ஊர் இருப்பதால் தண்ணீருக்குக் கவலையில்லை.

முதலில் பழக வேண்டியது சாலையின் விளிம்பு. மழையில் செம்மண் கரைந்து, தாருக்கும் மண்ணுக்கும் நடுவே நான்கு விரல் உயரத்துக்குப் படி விழுந்திருக்கும். பேருந்துக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கினால் அப்படியே சாய்வாக மேலே ஏறப் பார்க்காதீர்கள். முன் டயர் அந்த விளிம்போடு உரசிக்கொண்டே போய் ஆளைச் சாய்த்துவிடும். வேகத்தைக் குறைத்து, விளிம்பைக் குறுக்காகச் சந்திக்கிற மாதிரி ஏற்றுங்கள், அல்லது நின்று தூக்கி வையுங்கள். ரயில்வே கேட்டைக் கடக்கும்போதும் தண்டவாளத்தை இப்படித்தான் கடக்க வேண்டும்.

தொண்டி, தேவிபட்டினம் ரெண்டையும் ஒரே நாள்ல சுத்தி வரணும். எந்தப் பக்கமா போறது நல்லது? (தேவகோட்டை)

காரைக்குடி, தேவகோட்டை, திருவாடானை, தொண்டி. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே தேவிபட்டினம். திரும்பும்போது ஆர்.எஸ். மங்கலம், தேவகோட்டை, காரைக்குடி. தொண்டி வரை 57, தொண்டியிலிருந்து தேவிபட்டினம் 40, மொத்தச் சுற்று 170 கி.மீ.க்குக் குறையாது. காரைக்குடியே கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்குள்தான் இருக்கிறது. ஆக இந்தச் சுற்றில் மேடு என்று சொல்ல எதுவும் கிடையாது. ஆளைக் களைக்க வைப்பது காற்றும் வெயிலும்தான்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதை மாதத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை காற்று வடகிழக்கிலிருந்து வரும். அப்போது மேலே சொன்ன வரிசையில், முதலில் தொண்டி. கடற்கரைச் சாலையில் தெற்கே இறங்கும் 40 கிலோமீட்டரும் காற்று முதுகைத் தள்ளும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கும் தென்மேற்குமாகப் பலமாக அடிக்கும். அப்போது வரிசையைத் திருப்பி, விடிவதற்குள் ஆர்.எஸ். மங்கலம் தாண்டி முதலில் தேவிபட்டினம், பிறகு வடக்கே தொண்டி. மாற்றிப் போனால் கடலோரம் முழுக்க எதிர்க்காற்றுதான். மணிக்கு 26 கி.மீ.யில் போகிறவர் 18க்கு இறங்கிவிடுவார். அந்த நாற்பதைக் கடக்க நாற்பது நிமிடம் கூடுதலாகும், அதுவும் வெயில் ஏறுகிற நேரத்தில்.

இன்னொன்று கடற்காற்று. முற்பகலில் நிலம் சூடானதும் கடலிலிருந்து உள்நாட்டுப் பக்கம் காற்று திரும்பும். அது எழும்புவதற்கு முன்பே கடலைத் தொட்டுவிட்டால் வீடு திரும்பும்போது துணைக்கு வரும். தாமதமாகக் கிளம்புகிறவருக்கு அதுவே எதிராக நிற்கும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் முழுச் சுற்று வேண்டாம். தொண்டி வரை போய்ப் பேருந்தில் திரும்பினாலும் தவறில்லை.

பாக் நீரிணைக் கடல் ஆழம் குறைந்தது, அலையும் அதிகமிராது. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே காரங்காட்டில் அலையாத்திக் காடு இருக்கிறது. பிரதான சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே திரும்ப வேண்டும். திரும்பும் வழியில் ஆர்.எஸ். மங்கலம் கண்மாய். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று ஊர் சொல்கிற கண்மாய் அதுதான். தண்ணீர் நிறைந்திருக்கும் மாதத்தில் போனால் பத்து நிமிடமாவது கரையில் நின்று பாருங்கள்.

தேவகோட்டைக்குத் தெக்க போனாலே பஞ்சர். ஒரே நாள்ல மூணு தடவை. டயர் மட்டமானதா? (கோட்டையூர்)

டயரைக் குறை சொல்ல வேண்டாம், முள்ளைப் பாருங்கள். சீமைக் கருவேலம். கரிமூட்டத்துக்கும் வேலிக்கும் வெட்டிய கிளைகளை வண்டியில் ஏற்றிப் போகும்போது முள் சாலையெங்கும் சிந்தும். வெட்டு நடக்கிற இடத்தைப் பார்த்தால் அடுத்த ஒரு கிலோமீட்டருக்குச் சாலை ஓரத்தை விட்டு, வண்டிச் சக்கரம் பதிகிற தடத்திலேயே ஓட்டுங்கள். அந்தத் தடத்தில் முள் நசுங்கியோ விலகியோ போயிருக்கும்.

ஒரே நாளில் இரண்டாவது, மூன்றாவது பஞ்சர் ஆவதற்குப் பெரும்பாலும் காரணம், முதல் முள்ளின் நுனி முறிந்து டயருக்குள்ளேயே தங்கியிருப்பது. வெளியே பார்த்தால் தெரியாது. புது டியூப் போட்ட பத்தாவது நிமிடத்தில் மறுபடி குத்தும். ஆகவே முறையாகச் செய்யுங்கள். டியூபைக் கழற்றியதும் வால்வை டயரில் அது இருந்த இடத்தோடு பொருத்திவைத்து, ஓட்டை எங்கே என்று பாருங்கள். டயரிலும் அதே இடத்தில் தேடுங்கள். உள்பக்கம் வெறும் விரலை ஓட்டாதீர்கள், கிழித்துவிடும். பருத்தித் துணியை ஒரு சுற்று ஓட்டினால் நூல் மாட்டுகிற இடத்தில் முள் இருக்கும். வெளியிலிருந்து அழுத்தி, உள்பக்கமாகச் சின்ன இடுக்கியால் இழுத்தெடுங்கள். பிறகுதான் டியூப்.

ரோடு பைக்கின் மெல்லிய ப்ரெஸ்டா வால்வு டியூப் வழியோரக் கடைகளில் கிடைக்காது. இரண்டு டியூப், ஒட்டுத் தாள், கைப்பம்பு, ப்ரெஸ்டாவை மோட்டார் சைக்கிள் வால்வாக மாற்றும் சின்னப் பித்தளை அடாப்டர் இவை நான்கும் பையில் இருக்கட்டும். அடாப்டர் இருந்தால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று அடிக்கலாம். ஆனால் கம்ப்ரசர் காற்றைத் தொடர்ந்து விட்டால் மெல்லிய டியூப் வெடித்துவிடும். ஒரு நொடி விட்டு நிறுத்தி, விரலால் அழுத்திப் பார்த்து, மறுபடி ஒரு நொடி விடச் சொல்லுங்கள்.

டியூப்லெஸ் போடுவதாக இருந்தால் இந்தப் பகுதிக்கு அதுவே நல்லது. 28 அல்லது 32 மி.மீ. டயருக்கு 40 மி.லி. சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்). நம் ஊர் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். முள்ளைப் பிடுங்கியதும் ஓட்டை கீழே வருகிற மாதிரி சக்கரத்தை நிறுத்திவைத்தால் சீலன்ட் அங்கே தேங்கி அடைத்துக்கொள்ளும்.

காத்து எவ்வளவு வைக்கணும்? கடைக்காரர் 110 வைக்கச் சொல்றார். (புதுவயல்)

வேண்டாம். 70 கிலோ ஆளுக்கு 28 மி.மீ. டயர் என்றால் முன்னால் 70, பின்னால் 75 பி.எஸ்.ஐ. போதும். 32 மி.மீ. என்றால் முன்னால் 55, பின்னால் 60. நம் கிராமச் சாலைகளில் ஜல்லி தெரிகிற இடங்கள் நிறைய. 110 வைத்தால் சக்கரம் குதிக்கும், கை மரத்துப் போகும், வளைவில் பிடிப்புக் குறையும். வேகம் கூடுவதாகத் தோன்றுவது அதிர்வினால்தான்.

மலைன்னா எங்க போறது? பிரான்மலையா சிறுமலையா? (திருப்பத்தூர்)

பிரான்மலை அடிவாரம் வரைதான் சாலை. உச்சிக்கு நடந்துதான் ஏற வேண்டும். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாக 52 கி.மீ., போகவர 105. பாரியின் பறம்புமலை இதுவே என்பார்கள். அடிவாரத்தில் தேவாரப் பாடல் பெற்ற கொடுங்குன்றநாதர் கோயில். சாலை முழுக்க மேற்கே மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போகும், கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். திரும்பும்போது அதே தூரம் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும்.

உண்மையான ஏற்றம் வேண்டுமென்றால் சிறுமலை. கொட்டாம்பட்டி, நத்தம் தாண்டித் திண்டுக்கல்லை நெருங்கும்போது பிரிகிறது. 18 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரம் வரையே காரைக்குடியிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவு வந்துவிடும். அதனால் முதல் நாள் திண்டுக்கல்லில் தங்கி, மறுநாள் விடிகாலை ஏறுங்கள். நத்தத்திலிருந்து திண்டுக்கல் வரை ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் கரந்தமலை. அந்த 37 கி.மீ.யை அவசரப்பட்டு ஓட்டிவிடாதீர்கள்.

சிறுமலைக்கு என் சைக்கிள்ல இருக்கிற கியர் போதுமா? முன்னால 50/34, பின்னால 11-25. (காரைக்குடி)

போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்னால் 34 பல், பின்னால் 25 பல் என்றால் நிமிடத்துக்கு 70 மிதி (ஒரு முழுச் சுற்று ஒரு மிதி) மிதிக்கும்போது வேகம் மணிக்கு 12 கி.மீ. ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஏறும் மலையில் புதியவரால் அந்த வேகத்தைத் தாங்க முடியாது. வேகம் 9க்கு இறங்கினால் மிதி 53க்கு இறங்கும், முழங்காலில் பாரம் ஏறும். பின்னால் 11-32 போட்டால் அதே 70 மிதியில் 9.4 கி.மீ. வரும். கேசட்டை (பின் பல்சக்கர அடுக்கை) மாற்றுவதற்கு முன் உங்கள் டீரெயிலர் (செயினைப் பல் மாற்றும் கருவி) எத்தனை பல் வரை தாங்கும் என்று பாருங்கள். டீரெயிலரின் கூண்டு குட்டையாக இருந்தால் 32 ஏறாது. செயினின் நீளத்தையும் கூட்ட வேண்டியிருக்கும். பழைய செயினையே வைத்துக்கொண்டு பெரிய பல்லில் போட்டால் டீரெயிலர் இழுபட்டு முறியும்.

ஏறும்போது முதல் மூன்று கிலோமீட்டர் பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற அளவில் மட்டும் மிதியுங்கள். இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் உள்விளிம்புதான் செங்குத்து. பின்னால் வண்டி இல்லையென்றால் நம் பாதிச் சாலைக்குள்ளேயே கொஞ்சம் வெளியே தள்ளி ஏறுங்கள்.

இறங்குவதுதான் ஆபத்து. பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறங்கினால், ரிம் பிரேக் (சக்கர வளையத்தையே பிடிக்கும் பிரேக்) உள்ள சைக்கிளில் ரிம் கொதித்து டியூப் வெடிக்கும். நேர்ச் சாலையில் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு வேகத்தை இறக்குங்கள். வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கை விட்டிருக்க வேண்டும். வாழைத்தார் ஏற்றிய வண்டியும் பேருந்தும் வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும், ஆகவே கண் எப்போதும் அடுத்த வளைவில் இருக்கட்டும். மேலே குரங்குகள் உண்டு. தின்பண்டத்தை ஹாண்டில்பாரில் தொங்கவிடாதீர்கள்.

ரோட்டுல வைக்கோல் போட்டிருக்காங்க, அது மேலயே போலாமா? (கண்டனூர்)

இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அறுவடை மாதங்களில் இது தினமும் வருகிற சிக்கல். வைக்கோல் டீரெயிலரின் சின்னச் சக்கரத்தில் சுற்றி, டீரெயிலரையே சக்கரக் கம்பிக்குள் இழுத்துவிடும். டீரெயிலரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் முறிந்தால் அன்றைய பயணம் முடிந்தது. தவறி ஏறிவிட்டால் மிதிப்பதை அந்த நொடியே நிறுத்துங்கள். பின்னோக்கியும் மிதிக்க வேண்டாம். நின்று கையால் உருவி எடுங்கள். ஹேங்கர் ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு வடிவம், காரைக்குடிக் கடையில் உடனே கிடைக்காது. ஒன்றை முன்கூட்டியே வாங்கிப் பையில் வையுங்கள். காயும் நெல்லின் மேல் ஏறவே கூடாது. மணியில் டயர் வழுக்கும், அதற்கும் மேல் அது ஒரு குடும்பத்தின் உழைப்பு.

எங்க அப்பச்சிக்கு 61 வயசு, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடறாங்க. கூட வர ஆசைப்படறாங்க. (கானாடுகாத்தான்)

வரட்டும், முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு. சில மாத்திரைகளும் இன்சுலினும் உடற்பயிற்சியின்போது சர்க்கரையை மிகவும் இறக்கிவிடும். அவர் சாப்பிடுவது அந்த வகையா என்று கேளுங்கள். கிளம்புமுன் அளவு பார்த்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஏறட்டும். கையில் 15 கிராம் குளுக்கோஸ் பொட்டலங்கள் இரண்டு. நடுக்கம், வியர்வை, பேச்சுக் குழறல் வந்தால் நிறுத்தி ஒன்றைக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். குன்றக்குடி வரையான தூரமே முதலில் போதும்.

சாப்பாடு, தண்ணி எவ்வளவு? (பள்ளத்தூர்)

மணிக்கு 600 முதல் 750 மி.லி. தண்ணீர். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். கலந்துகொள்ளுங்கள். பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீர்தான். கெட்டியாகக் கலந்தால் வயிற்றைப் புரட்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து: ஒரு வாழைப்பழமும் இரண்டு கடலை மிட்டாயும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேன்குழல் நம் வீட்டிலேயே இருக்கிற நல்ல துணை. உப்பு உண்டு, வெயிலில் உருகாது. கந்தரப்பமும் அதிரசமும் எண்ணெய் அதிகம், வீடு திரும்பிய பிறகு சாப்பிடுங்கள்.

அண்ணே, நாங்க மூணு பேரும் பெண்கள். தொண்டி வரைக்கும் போய் வர, எங்கெங்க நிக்கலாம்? (தேவகோட்டை)

தேவகோட்டை, திருவாடானை, தொண்டி மூன்றிலும் பேருந்து நிலையத்தை ஒட்டிக் கடைகள் விடிகாலையிலேயே திறந்திருக்கும். கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்க் நம்பகமானது, நெடுஞ்சாலையில் இருப்பதை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தேவகோட்டைக்கும் திருவாடானைக்கும் நடுவே ஆளரவம் குறைந்த நீளம் உண்டு. அங்கே மூவரும் பிரியாமல் போங்கள் அம்மா. பின்விளக்கு பகலிலும் எரியட்டும்.

தை மாசத்துல நத்தம் ரோட்டுல போலாமா? (சிங்கம்புணரி)

தைப்பூசத்துக்கு முந்தைய நாள்களில் வேண்டாம். நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகத்தான் பழநிக்கு நடக்கிறது. அதோடு ஆயிரக்கணக்கான பாதயாத்திரையினர் இருட்டிலேயே சாலை இடப்பக்கம் வெறுங்காலோடு வருவார்கள். போய்த்தான் ஆக வேண்டுமென்றால் விடிந்த பிறகு, மணிக்கு 15 கி.மீ.க்குள். பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டு நாளில் திருப்பத்தூர்ச் சாலையையும் தவிர்த்துவிடுங்கள். அந்த வாரங்களுக்குக் கடற்கரைப் பக்கம் நன்றாக இருக்கும், காற்றும் சரியான திசையில் இருக்கும்.

கடலோரம் போய் வந்தா செயின் ரெண்டே நாள்ல துரு பிடிக்குது. (தேவகோட்டை)

வந்த அன்றே கழுவாததுதான் காரணம். உப்புக் காற்று செயினில் படிந்து, இரவில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். குழாயைப் பீய்ச்சினால் பேரிங்குக்குள் உப்புநீர் புகும். உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் நிழலில் காய வைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். பத்து நிமிடம் கழித்து வெளியே மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் செம்மண் புழுதி அதில் ஒட்டி அரைக்கும். சீட் போஸ்ட்டையும் மாதம் ஒருமுறை உருவி எடுத்துக் கிரீஸ் தடவி வையுங்கள் (கார்பன் என்றால் கிரீஸ் கூடாது, அதற்கென்றுள்ள பசைதான்). அலுமினியக் குழாய் உப்பில் இறுகிவிட்டால் பிறகு எந்தப் பட்டறையிலும் முழுசாக வெளியே வராது.