கழிப்பறையைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்

கேள்வி: மே கடைசியில் குடும்பத்தோடு நான்கு நாள் ராஜஸ்தானில் ஜெய்சல்மர் போகிறோம், டாக்டர். அம்மாவுக்கு 66 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. அங்கே எங்கே சாப்பிடுவது என்பதுதான் குழப்பம். கோட்டைக்குள் மாடி உணவகங்கள் நன்றாக இருக்கும் என்கிறார்கள். தெருக்கடை கச்சோரி, ஒட்டகப் பால், மோர் எல்லாம் ஒத்துக்கொள்ளுமா? வெயிலில் இருந்து வந்ததும் குளிர்ந்த நீர் குடித்தால் ரத்தக்குழாய் வெடிக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா? போன வருடம் மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு ஆகி, மறுநாள் என்னை அத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஜெய்சல்மருக்கு நம் ஊர் வர்க்கி எடுத்துப் போகலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: கச்சோரிக்கும் வர்க்கிக்கும் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்க வந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். அம்மாவைக் கூட்டிப் போகலாமா, மறுபடி அப்படி ஆகிவிடுமா? அதை முதலில் பேசுவோம்.

மதுரையில் அம்மாவுக்கு வந்தது ஞாபக மறதி இல்லை, வயதுக் கோளாறும் இல்லை. உடம்பில் நீரும் உப்பும் இறங்கும்போது வயதானவர்களுக்கு முதலில் தடுமாறுவது மூளைதான். நீர் ஏற்றி, உப்பைச் சரிசெய்த பிறகு அவர் உங்களை உங்கள் பெயரிலேயே கூப்பிட்டிருப்பார். ஆனால் வயிற்றுப்போக்கு மட்டும் ஒருவரை ஒரே நாளில் அந்த நிலைக்குக் கொண்டுபோவது அபூர்வம். கல்யாண மண்டபத்தில் அம்மா காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று கேட்டுப் பாருங்கள். என் கிளினிக்கில் இதே கதையைச் சொல்லும் அம்மாக்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: 'அங்கே பாத்ரூம் சரியில்லை டாக்டர், அதனால் குடிக்கவில்லை.'

அதனால்தான் சொல்கிறேன். ஜெய்சல்மரில் எந்த உணவகத்துக்குப் போனாலும் மெனு கார்டைக் கேட்பதற்கு முன் நீங்கள் போய்க் கழிப்பறையைப் பார்த்துவிட்டு வாருங்கள். இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா, அம்மா ஏறி இறங்க முடிகிற இடத்தில் இருக்கிறதா? கோட்டைக்குள் பழைய வீடுகளை உணவகமாக்கியிருக்கிறார்கள். 1156இல் ராவல் ஜெய்சல் என்ற அரசர் எழுப்பிய கோட்டை; மக்கள் இன்றும் அதற்குள்ளேயே குடியிருக்கிறார்கள். படிகள் செங்குத்தாக, குறுகலாக இருக்கும். மொட்டைமாடியிலிருந்து பார்க்கும் காட்சி அழகுதான். ஆனால் கழிப்பறை இரண்டு மாடி கீழே என்றால் அம்மா தண்ணீர் டம்ளரைத் தொட மாட்டார். வேலையாட்களும் அதே கழிப்பறைக்குத்தான் போய்வருகிறார்கள். அங்கே சோப்பு இல்லையென்றால் சமையலறையைப் பற்றி எனக்கு வேறெதுவும் தெரிய வேண்டியதில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. நமக்கு 25 டிகிரியே வெயில். மேட்டுப்பாளையம் இறங்கினாலே தலைவலிக்கிறது என்பவர்கள் நாம். இ-பாஸ் வாங்கிக்கொண்டு ஊர் உலகமே நீலகிரிக்கு ஏறி வரும் மாதத்தில் நீங்கள் பாலைவனத்துக்கு இறங்கப் போகிறீர்கள். ஜெய்சல்மரில் மே மாதம் 42 டிகிரி சாதாரணம். ஜோத்பூரிலிருந்து அங்கே போகும் ரயில் பாதையில்தான் பலோடி இருக்கிறது. 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவான ஊர். வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். உங்களிடம் இருப்பது நான்கு நாள்.

மதுரையில் வியர்த்தால் சட்டை நனையும், புடவை ஒட்டும், தெரிந்துவிடும். பாலைவனக் காற்றில் வியர்வை வந்த வேகத்தில் உலர்ந்துவிடுகிறது. 'எனக்கு வியர்க்கவே இல்லை' என்று அம்மா சொல்வார். அதை நம்பாதீர்கள். சாயங்காலம் ரவிக்கையின் முதுகுப் பக்கம் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். வயதானால் தாகமும் மந்தமாகிவிடுகிறது. எனவே 'தாகம் எடுத்தால் குடிக்கிறேன்' என்பதும் செல்லாது. மணிக்கு ஒரு டம்ளர் என்று நீங்கள்தான் கொடுக்க வேண்டும். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

சரி, எதைக் கவனிப்பது? ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள்: அம்மா கடைசியாகச் சிறுநீர் கழித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று. கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேளுங்கள். பகலில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போக வேண்டும். வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். பால் சேர்க்காத டீயின் நிறத்தில் இருந்தால் அன்றைக்கு ஊர் சுற்றியது போதும். வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்து, ஆறு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை என்றால் அறையில் உட்கார்ந்து எலுமிச்சை பிழிந்துகொண்டிருக்காதீர்கள். ஜெய்சல்மரில் மாவட்ட அரசு மருத்துவமனை இருக்கிறது, அங்கே கூட்டிப் போங்கள். இரவா பகலா என்று பார்க்க வேண்டாம். ஆள் மாற்றிக் கூப்பிட்டாலோ, பேச்சு குழறினாலோ, உடம்பு கொதித்தாலோ ஆறு மணிக் கணக்கும் கிடையாது. துணியை நனைத்து உடம்பெல்லாம் போட்டு, விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள். ராஜஸ்தானிலும் அதே எண்தான். மதுரையில் அம்மா இந்தக் கட்டத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சர்க்கரை 300ஐத் தாண்டிக்கிடந்தால் உடம்பு வற்றினாலும் சிறுநீர் போய்க்கொண்டே இருக்கும், நாம் ஏமாந்துவிடுவோம். குளுக்கோமீட்டரைக் கையோடு எடுத்துப் போங்கள், ஆனால் வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள். மாத்திரைகளையும்தான்.

மாத்திரை என்றதும் ஞாபகம் வருகிறது. அம்மாவின் பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் 'எச்' என்று ஓர் எழுத்து இருந்தால், பெரும்பாலும் சிறுநீரை அதிகமாகப் போகவைக்கும் மருந்து அதில் கலந்திருக்கிறது என்று பொருள். கோத்தகிரிக் குளிரில் அது நல்ல மாத்திரை. 42 டிகிரியில், அதுவும் பேதியோடு, அதே மாத்திரை உப்பை இன்னும் இறக்கும். மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள், டெல்மிசார்டான் என்ற பிரஷர் மாத்திரை போன்றவற்றையும் கடுமையான வாந்தி பேதியின்போது தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது வழக்கம். எதை நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். கூடவே ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), சோடியம் (உப்பு) இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மதுரைக்குப் பிறகு அவை பழைய நிலைக்கு வந்துவிட்டன என்று தெரிந்தால் அம்மா தாராளமாகப் போகலாம். வரவில்லை என்றால் ஜெய்சல்மர் டிசம்பர் வரை காத்திருக்கட்டும். அங்கே சீசனே அப்போதுதான்.

போன வருடம் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுத்தீர்களா? 'அதில் சர்க்கரை இருக்கிறதே' என்று கொடுக்காமல் விட்டிருப்பீர்கள் என்பது என் ஊகம். பலர் அப்படித்தான் விடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், சுமார் மூன்று டீஸ்பூன். குடலுக்குள் உப்பையும் நீரையும் இழுத்துப்போக அந்தச் சர்க்கரை தேவை. வயிற்றுப்போக்கின்போது சர்க்கரை நோயாளியும் அதைக் குடித்தே ஆக வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் உப்பு இன்னும் நீர்த்துப்போகும். பொட்டலமாக ஐந்தாறு வாங்கிப் பையில் போடுங்கள். எத்தனை மில்லி தண்ணீருக்கு என்று பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதை அப்படியே செய்யுங்கள். அட்டைப் பெட்டியில் பழச்சாறு மாதிரி வருவதை ஓ.ஆர்.எஸ். என்ற பெயரை நம்பி வாங்க வேண்டாம். கலவை சரியில்லாத பானங்களுக்கு அந்தப் பெயரையே போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போடுகிற அளவுக்கு அந்தக் குழப்பம் முற்றியிருந்தது. பேதி இல்லாத நாளில் ஓ.ஆர்.எஸ். வேண்டாம், தண்ணீரும் வழக்கமான சாப்பாட்டு உப்பும் போதும்.

அப்புறம், பயணப் பையில் நார்ஃப்ளாக்சசின்–டினிடசோல் ஒரு அட்டை இருக்கும். தெரியும். மருந்துக்கடைத் தம்பி கொடுத்திருப்பார். அதை வெளியே எடுத்து வையுங்கள். பெரும்பாலான பேதி எந்த ஆன்டிபயாடிக்கும் இல்லாமல் இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும். பேதியை நிறுத்தும் லோபராமைடையும் காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருக்கும்போது தொடக் கூடாது. வெயில் தலைவலிக்கு டைக்ளோஃபினாக் போடுவது இதையெல்லாம்விட மோசம். வற்றிய உடம்பில், அம்மா போடும் பிரஷர் மாத்திரையோடு சேர்ந்து, சிறுநீரகத்தைச் சாய்க்க அது போதும். தலைவலித்தால் தண்ணீர், நிழல், தேவைப்பட்டால் பாராசிட்டமால்.

இனி எங்கே சாப்பிடுவது. மே மாதம் நம் ஊர் ஹோட்டல்களில் இடம் கிடைக்காது, அங்கே ஈயாடும். உங்கள் பேக்கேஜ் மலிவாகக் கிடைத்ததும் அதனால்தான். ஆள் வராத உணவகத்தில் நூறு ஐட்டம் மெனு இருந்தால் அந்தக் குழம்புகள் எல்லாம் எப்போது வைத்தவை என்று யோசியுங்கள். சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஃபிரிஜ்ஜில் இருக்க வேண்டும். நடுவில் கிடந்தால் கிருமி பெருகும். 42 டிகிரி ஊரில் ஒரு மணி நேரம்கூட வெளியே கிடக்கக் கூடாது. சில கிருமிகள் விட்டுப்போகும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. எனவே பஃபே வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் மதியம் வரிசையில் நிற்கிற, பத்தே ஐட்டம் போடுகிற சாதாரணச் சாப்பாட்டுக் கடை, மாடி உணவகத்தைவிடப் பல சமயம் பாதுகாப்பானது. கழிப்பறை பார்த்தீர்கள் அல்லவா, அந்த நிபந்தனையோடு.

தால் பாட்டி என்ற ராஜஸ்தான் சாப்பாட்டைத் தைரியமாகச் சாப்பிடுங்கள். தணலில் சுட்ட உருண்டை, கொதிக்கும் பருப்பு. இதைவிட நல்ல சேர்க்கை கிடைக்காது. கூட வரும் சூர்மா நெய்யும் சர்க்கரையுமாக இருக்கும், அம்மாவுக்கு ஒரு வாய் போதும். கெர் சாங்ரி நீங்கள் நினைப்பது போல் ஏதோ விபரீதமில்லை. பாலைவனத்துக் காயையும் வன்னி மரத்தின் நெற்றையும் காயவைத்துச் சமைப்பது, கம்பு ரொட்டியோடு நன்றாக இருக்கும். கச்சோரி எண்ணெயிலிருந்து உங்கள் கண்முன் எடுத்தால் சரி; தட்டில் அடுக்கி வைத்ததும், மேலே ஊற்றும் சட்னியும் வேண்டாம். மோரில் தயிரைப் பற்றி எனக்குக் கவலையில்லை, கலக்கிய தண்ணீரையும் ஐஸையும் பற்றித்தான் கவலை. பாக்கெட் மோர் குடியுங்கள். ஒட்டகப் பால் காய்ச்சினால் சும்மா பால்தான். பச்சையாகக் குடித்தால் புருசெல்லோசிஸ் என்று மாதக்கணக்கில் விட்டு விட்டு அடிக்கும் காய்ச்சல் வரலாம். சர்க்கரையைக் குணப்படுத்தும் என்று யாராவது கோப்பையை நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். இன்னொன்று, கோட்டை வாசல் பக்கம் அரசு அனுமதியோடு பாங் (போதை தரும் கஞ்சா இலை அரைப்பு) விற்கும் கடை உண்டு. லஸ்ஸி என்று வாங்குவதற்கு முன் அது என்ன லஸ்ஸி என்று கேளுங்கள். அம்மா வேறு காரணத்துக்காக உங்களை அத்தை என்று கூப்பிட வேண்டாம்.

பகல் 12 முதல் 4 வரை வெளியே சாப்பாடு தேடிப் போகாதீர்கள். அந்த நேரத்துச் சாப்பாடு விடுதியிலேயே, கேட்ட பிறகு சமைத்ததாக இருக்கட்டும். மொட்டைமாடி ஆசையை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்ந்த நீர் குடித்தால் எந்தக் குழாயும் வெடிக்காது. சட்டைப் பையில் வெங்காயம் வைத்தால் வெயில் தாக்காது என்று அங்கே யாராவது சொல்வார்கள். வைத்துக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை, பயனும் இல்லை. டீ உடம்பை வற்றவைக்காது, அதை நிறுத்தச் சொல்லி உங்கள் பாவத்தைக் கட்டிக்கொள்ள மாட்டேன். பிளாஸ்டிக் தடையால் பாட்டில் தண்ணீர் நீலகிரியில் நமக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வர்க்கி எடுத்துப் போங்கள், உலர்ந்த பண்டம்தானே, நான்கு நாளில் ஒன்றும் ஆகாது. தயிர் சாதம் கட்டிக்கொண்டு போகாதீர்கள்.