குளிர்காலப் பண்டிகைகள் நாட்டுக்கு நாடு ஏன் இவ்வளவு மாறுகின்றன? இதில் எது அசல்?

உலகம் முழுக்க ஒரே பண்டிகைக் காலம்தானே, அப்புறம் ஏன் ஒரு நாட்டில் டிசம்பர் 13, இன்னொரு நாட்டில் 25, மற்றொன்றில் ஜனவரி 7 என்று வருகிறது, இதில் எதுதான் அசல் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அசல் எது என்று தேடிப் போனால் எங்கும் போய்ச் சேர முடியாது. ஆனால் தேதியைப் பற்றிக் கேட்டீர்கள் பாருங்கள், அது சரியான இடம். ஒரு நாட்டின் குளிர்கால வழக்கம் விளங்க வேண்டுமென்றால், அது எந்தத் தேதியில் வருகிறது, ஏன் அந்தத் தேதி என்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும். மேற்படிப்புக்காக ஸ்டாக்ஹோமில் நான்கு குளிர்காலங்கள் இருந்தேன். விடுதியில் பல நாட்டுக்காரர்கள் ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொண்டோம். இங்கே சொல்வதில் பாதி அந்தச் சமையலறை மேசையில் தெரிந்துகொண்டது, மீதி அதன் பிறகு ஆர்வத்தில் தேடிப் படித்தது.

முதலில் அந்த இருட்டைச் சொல்ல வேண்டும். டிசம்பர் நடுவில் ஸ்டாக்ஹோமில் சூரியன் உதிக்க எட்டரை மணிக்கு மேல் ஆகும். மதியம் மூன்று மணிக்குள் மறைந்தும்விடும். இடைப்பட்ட ஆறு மணி நேரமும் பெரும்பாலும் மேகம் மூடிய சாம்பல் வெளிச்சம்தான். முதல் ஆண்டு காரணமே தெரியாமல் உடம்பும் மனசும் சோர்ந்து கிடந்தன. அப்படி ஒரு விடியாத காலையில், 13ஆம் தேதி, தாழ்வாரத்தில் பாட்டுச் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். வெள்ளை அங்கி, இடுப்பில் சிவப்பு நாடா, தலையில் எரியும் மெழுகுவத்திகளைத் தாங்கிய கிரீடம், அப்படி ஒரு பெண் முன்னால் நடந்து வந்தாள். பின்னால் ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏந்திய ஒரு வரிசை. மின்விளக்கை யாரும் போடவில்லை. கடந்து போகும்போது குங்குமப்பூ சேர்த்துச் சுட்ட மஞ்சள் பன் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். இரு முனையும் சுருண்டு, நடுவில் உலர்திராட்சை பதித்தது. இன்றைக்கும் குங்குமப்பூ வாசனை வந்தால் எனக்கு அந்தத் தாழ்வாரம்தான் நினைவுக்கு வரும்.

அதுதான் லூசியா நாள். லூசியா சிசிலித் தீவைச் சேர்ந்த புனிதர். சுவீடனை அவர் பார்த்ததே இல்லை. பிறகு எப்படி அவர் அங்கே இவ்வளவு பெரியவர் ஆனார்? தேதியால்தான். பழைய ஜூலியன் நாட்காட்டி ஆண்டின் நீளத்தை ஏறத்தாழ 11 நிமிடம் கூட்டிக் கணக்கிட்டது. அதனால் சுமார் 128 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் பிசகும். பிசகிப் பிசகி, 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆண்டின் மிக நீண்ட இரவு டிசம்பர் 13ஐ ஒட்டி வந்து நின்றது. ஒளி என்னும் பொருளுள்ள பெயர் கொண்ட ஒரு புனிதரின் நாளும் அதே நாள். 1753இல் சுவீடன், இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது நீண்ட இரவு 21ஆம் தேதிப் பக்கம் போய்விட்டது. ஆனால் லூசியா 13லேயே நின்றுவிட்டார். நாட்காட்டியைச் சட்டம் போட்டு மாற்றலாம், பழகிய இரவை அப்படி மாற்ற முடியாது.

ஜனவரி 7 கதையும் இதே பிசகுதான். ரஷ்ய மரபுவழித் திருச்சபை இன்னும் ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை. இந்த நூற்றாண்டில் இரண்டு நாட்காட்டிகளுக்கும் 13 நாள் இடைவெளி. அவர்களுடைய டிசம்பர் 25 நமக்கு ஜனவரி 7 ஆகிறது, அவ்வளவுதான். எத்தியோப்பியாவில் கென்னா என்ற பெயரில் அவர்களுடைய சொந்த நாட்காட்டிப்படி கொண்டாடுவதும் பெரும்பாலும் அதே ஜனவரி 7தான். கென்னா என்பது அன்றைக்கு ஆடும், ஹாக்கி போன்ற ஒரு விளையாட்டின் பெயரும்கூட.

ரஷ்யாவில் இன்னொரு அடுக்கும் உண்டு. சோவியத் அரசு 1920களின் இறுதியில் கிறிஸ்துமஸையும் அதன் மரத்தையும் ஒழிக்கப் பார்த்தது. 1935 டிசம்பரில் பாவெல் போஸ்திஷெவ் என்ற கட்சித் தலைவர் பிராவ்தா நாளிதழில், குழந்தைகளுக்கு மரத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுதினார். மரம் திரும்பி வந்தது, ஆனால் புத்தாண்டு மரமாக. பரிசு கொண்டுவரும் பனித் தாத்தாவும் அவருடைய பேத்தி பனிப்பெண்ணும் புத்தாண்டுக்கு இடம் மாறினார்கள். அதனால்தான் இன்றும் பல ரஷ்யக் குடும்பங்களுக்கு மரம், பரிசு, விருந்து எல்லாமே டிசம்பர் 31 இரவுதான். உக்ரைனோ 2023இல் சட்டத்தைத் திருத்தி, ஜனவரி 7 அரசு விடுமுறையை எடுத்துவிட்டு டிசம்பர் 25ஐ மட்டும் வைத்துக்கொண்டது. போருக்கு நடுவே ஒரு நாடு தன் பண்டிகைத் தேதியை மாற்றுகிறது என்றால், அந்தத் தேதி அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருக்க வேண்டும்!

தடை போட்டது சோவியத் அரசு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1640இலேயே கிறிஸ்துமஸ் விடுமுறையை நீக்கியது. வேதத்தில் அப்படி ஒரு பண்டிகை இல்லை என்பது அங்கிருந்த சீர்திருத்தத் திருச்சபையின் வாதம். கிறிஸ்துமஸ் அங்கே மறுபடியும் பொது விடுமுறை ஆனது 1958இல்தான். அதற்கிடையே மக்களின் கொண்டாட்டம் எல்லாம் ஹாக்மனே என்ற புத்தாண்டு இரவுக்கு இடம் மாறிவிட்டது. நள்ளிரவுக்குப் பிறகு வாசற்படி மிதிக்கும் முதல் ஆள் கையில் ஒரு கரித்துண்டோடு வர வேண்டும், கருத்த முடிக்காரராக இருந்தால் அந்த ஆண்டு அந்த வீட்டுக்கு நல்லது என்பது நம்பிக்கை. ஸ்காட்லாந்தில் ஜனவரி 2ஆம் தேதியும் விடுமுறை. அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். இன்றைக்கு அமெரிக்காவின் கிறிஸ்துமஸைப் பார்க்கும் யாருக்கும் இதை நம்புவது கஷ்டமாக இருக்கும்.

ஐஸ்லாந்தைப் பற்றிச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. அங்கே ஒரு தாத்தாவுக்குப் பதில் 13 குறும்புக்காரச் சகோதரர்கள். டிசம்பர் 12 முதல் ஓர் இரவுக்கு ஒருவராக மலையிலிருந்து இறங்கி வருவார்கள். கதவை அறைந்து சாத்துபவன், கரண்டியை நக்குபவன், மெழுகுவத்தி திருடுபவன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. குழந்தைகள் ஜன்னலில் காலணியை வைத்துவிட்டுத் தூங்குவார்கள்; நல்ல பிள்ளைக்குச் சின்னப் பரிசு, அடம்பிடித்தால் உருளைக்கிழங்கு. புதுத் துணி கிடைக்காதவரைத் தின்றுவிடும் ஒரு பெரிய பூனையும் உண்டு. பண்டிகைக்குள் கம்பளி வேலையை முடிக்கத் தூண்டுவதற்காகச் சொன்ன கதை என்பார்கள். அந்த நாட்டின் வழக்கங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது, கிறிஸ்துமஸ் முந்தைய நாள் இரவு புத்தகம் பரிசளிப்பது. இரண்டாம் உலகப்போர் காலத்தில் பல இறக்குமதிப் பொருள்களுக்குக் கட்டுப்பாடு இருந்தது; காகிதத்துக்கு அவ்வளவு இல்லை. அதனால் பரிசு என்றால் புத்தகம் என்று ஆனது. தட்டுப்பாட்டில் பிறந்த பழக்கம், தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் நிலைத்துவிட்டது.

என் நான்கு குளிர்காலங்களில் மறக்க முடியாத இரவுகள் இரண்டு. ஒன்று, போலந்துத் தோழர் ஒருவர் அறையில் டிசம்பர் 24. விகிலியா என்பார்கள். வானில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் சாப்பிட உட்கார வேண்டும். மேசை விரிப்புக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல். பன்னிரண்டு வகை உணவு, எதிலும் இறைச்சி கிடையாது, மீன் உண்டு. முதலில் ஒரு மெல்லிய அப்பத்தை எல்லோரும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிட்டுக்கொண்டு வாழ்த்துச் சொல்லிக்கொள்வார்கள். மேசையில் ஆள் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக வைத்திருப்பார்கள், எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்காக.

அன்று நான் அழைக்கப்பட்டவன் இல்லை. விடுதி கிட்டத்தட்ட காலி. சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் வந்து, "தட்டு தயாராக இருக்கிறது, வாருங்கள்" என்றார். அந்தக் காலித் தட்டு என்ன என்பது உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் வீட்டில் ஆண்டுதோறும் அந்தத் தட்டை வைப்பார்களாம், ஒருமுறைகூட யாரும் வந்ததில்லையாம். தன் அம்மாவுக்கு உடனே போன் செய்து இந்த ஆண்டு வந்துவிட்டார்கள் என்று சொன்னார். அந்த அம்மா என்ன பதில் சொன்னார் என்று மொழி தெரியாததால் புரியவில்லை, அழுகிறார் என்பது மட்டும் புரிந்தது.

இன்னொன்று, ஈரானியத் தோழியின் யல்தா இரவு. ஆண்டின் மிக நீண்ட இரவு, டிசம்பர் 20 அல்லது 21. அன்று யாரும் சீக்கிரம் தூங்கக் கூடாது. மாதுளை, தர்பூசணி, பருப்பு வகைகள் பரப்பி வைத்திருப்பார்கள். விடியலின் நிறம் என்பதால் சிவப்புப் பழம். அப்புறம் 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஹாஃபிஸின் கவிதைத் தொகுப்பு வரும். மனதில் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும், புத்தகத்தைத் திறக்க வேண்டும், வந்த பாட்டை வீட்டில் மூத்தவர் வாசித்துப் பொருள் சொல்ல வேண்டும். அங்கே மூத்தவர் என்று யாரும் இல்லாததால் பாட்டி வீடியோ அழைப்பில் வந்தார். இது இஸ்லாத்துக்கும் முந்தைய வழக்கம். 2022இல் ஈரானும் ஆப்கானிஸ்தானும் சேர்ந்து யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இதைச் சேர்த்தன. இதற்குச் செல்லே என்று இன்னொரு பெயரும் உண்டு. நாற்பது என்ற சொல்லிலிருந்து வந்தது, குளிர்காலத்தின் முதல் நாற்பது நாள் அன்று தொடங்குகிறது.

ஜப்பானை ஓரிரு வரியில் சொல்லிவிடலாம். அங்கே டிசம்பர் 25 பொது விடுமுறையே இல்லை. 1974இல் கேஎஃப்சி நடத்திய விளம்பரத்தால் பொரித்த கோழி கிறிஸ்துமஸ் உணவாகிவிட்டது. வெளிநாட்டு இதழ்கள் இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதுகின்றன, எனக்கு அதில் பெரிய சுவாரசியம் இல்லை. அவர்களுடைய உண்மையான குளிர்காலப் பண்டிகை புத்தாண்டு. டிசம்பர் 31 நள்ளிரவை ஒட்டிப் பௌத்தக் கோயில்களில் மணி 108 முறை ஒலிக்கும், மனித மனத்தின் ஆசாபாசங்கள் 108 என்ற கணக்கில். மிக நீண்ட இரவு வரும் நாளில் யுஸு என்ற எலுமிச்சை வகைப் பழங்களை மிதக்கவிட்ட வெந்நீரில் குளிப்பார்கள்.

இப்படி எல்லாவற்றையும் வடக்கிலிருந்தே சொன்னால் தெற்கில் இருப்பவர்களுக்கு நியாயம் செய்ததாகாது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் டிசம்பர் கோடைக்காலம். அட்டையில் பனி அச்சிட்டிருக்கும், வெளியே வெயில் கொளுத்தும். நியூசிலாந்தின் மாவோரி மக்களுக்குப் புத்தாண்டு நடுக்குளிர்காலத்தில்தான். மடாரிக்கி என்று அவர்கள் அழைக்கும் கார்த்திகை விண்மீன் கூட்டம் ஜூன், ஜூலை வைகறையில் மறுபடி எழும்போது, அந்த ஆண்டு இறந்தவர்களின் பெயரைச் சொல்லி வழியனுப்புவார்கள். 2022 முதல் அது அந்த நாட்டின் பொது விடுமுறை. அண்டார்டிகாவின் ஆய்வு நிலையங்களில் ஜூன் 21தான் பெரிய நாள். அங்கே குளிர்காலம் முழுவதையும் கழிக்கும் சிறு குழுக்கள் அன்று விருந்து வைத்து, ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு வாழ்த்து அனுப்பிக்கொள்கின்றன. எந்த மதத்தோடும் சேராத பண்டிகை அது. நீண்ட இரவின் பாதியைத் தாண்டிவிட்டோம் என்பதற்கு மட்டும்.

சீனாவை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். டோங்ஷி எனும் அந்த நீண்ட இரவு நாளில் வடக்கே கொழுக்கட்டை போன்ற மடித்த டம்ப்ளிங், தெற்கே பாகில் மிதக்கும் அரிசிமாவு உருண்டை. அன்றிலிருந்து ஒன்பது ஒன்பது நாளாக, மொத்தம் 81 நாள் எண்ணினால் குளிர் முடிந்தது என்பது கணக்கு. அதற்காக ஒரு படம் வரைவார்கள். ஒரு பிளம் மரக் கிளை, அதில் ஒன்பது பூ, பூவுக்கு ஒன்பது இதழ், எதற்கும் நிறம் இல்லை. ஒரு நாளைக்கு ஓர் இதழுக்கு மட்டும் நிறம் தீட்ட வேண்டும்.

நான்காம் ஆண்டு எங்கள் தளத்துச் சீன மாணவி அப்படி ஒரு படத்தை வரைந்து சமையலறைச் சுவரில் ஒட்டினாள். காலையில் முதலில் எழுந்து வருபவர் தீட்டலாம் என்று பேச்சு. போலந்துக்காரர் தீட்டினார், யல்தா தோழி தீட்டினாள், நானும் எத்தனையோ நாள் தீட்டினேன். மார்ச் இரண்டாம் வாரத்தில் 81ஆவது இதழ் மட்டும் மிச்சம் இருந்தபோது யாரும் காலையில் அதைத் தொடவில்லை. மாலையில் எல்லோரும் வந்த பிறகு அவளையே தீட்டச் சொன்னோம். மணி ஐந்தரை. ஜன்னலுக்கு வெளியே பனி இன்னும் கிடந்தது, ஆனால் வெளிச்சம் போகவில்லை.