உருகியது என்று எப்படித் தெரியும்?

கேள்வி: எங்க பவுண்டரியில லேடிலுக்குள்ள தெர்மோகப்பிள் முனையை முக்குனா அஞ்சாறு நொடியில 1,400 டிகிரின்னு காட்டிருமுங்க. பூமி நடுவுல இருக்கற இரும்பு எத்தனை டிகிரியில உருகும்னு எதை முக்கிப் பார்க்கறாங்க?
– வார்ப்படத் தொழில் செய்யும் வாசகர், கணபதி, கோவை

பதில்: பூமிக்குள் இருப்பது போன்ற அழுத்தத்தை ஆய்வகத்தில் உண்டாக்கித்தான் பார்க்கிறார்கள். முக்குவதற்கு அங்கே இடமே கிடையாது. சோதனைக்கு எடுக்கும் இரும்பின் தடிமன் 5 மைக்ரான் அளவுதான். தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட வராது. முனை தட்டையாக்கிய இரண்டு வைரங்களுக்கு நடுவே அதை வைத்து நெருக்குகிறார்கள். பிதுங்காமல் இருக்க, 30 மைக்ரானுக்கு அழுத்திய ரீனியம் என்ற உலோகத் தகட்டில் துளை போட்டு, கேஸ்கட்டாகச் சுற்றி வைப்பார்கள். வைரம் செம்பைவிட ஐந்து மடங்கு சூட்டைக் கடத்தும். இரும்பு அதைத் தொட்டால் லேசரின் சூடெல்லாம் வைரத்துக்கே போய்விடும். அதனால் மேலும் கீழும் பொட்டாசியம் குளோரைடு வைத்து மறைப்பார்கள். அந்த உப்பை நன்றாக உலர்த்தாவிட்டால் ஈரம் இரும்போடு வினைபுரிந்து சோதனையே கெடும்.

இரண்டு பக்கமும் லேசரால் சுட்டு, ஒளிரும் புள்ளியின் நடுவில் இரண்டு மூன்று மைக்ரான் இடத்து வெளிச்சத்தை மட்டும் எடுத்து, 600 முதல் 900 நானோமீட்டர் வரை நிறம்பிரித்து, எந்தச் சூட்டில் எந்த நிறம் எவ்வளவு ஒளிரும் என்று சொல்லும் பிளாங்க் வளைவோடு பொருத்துகிறார்கள். வெப்பநிலை அதிலிருந்துதான் கிடைக்கிறது. லென்ஸ் சிவப்பை ஓரிடத்திலும் பச்சையை வேறிடத்திலும் குவித்தால் நூற்றுக்கணக்கான டிகிரி தவறிவிடும். கண்ணாடி வில்லைக்குப் பதிலாகக் குழியாடி வைப்பது இதற்காகத்தான். கசடு மிதந்தால் உங்கள் இன்ஃப்ராரெட் துப்பாக்கி தப்பாகக் காட்டுமே, அந்த உமிழ்திறன் சிக்கல், அதாவது ஒரே சூட்டிலும் பரப்புக்குப் பரப்பு ஒளிர்வது மாறுவது, இங்கேயும் உண்டு.

ஆனால் பெரிய சிக்கல் டிகிரியில் இல்லை, எப்போது உருகியது என்று முடிவு செய்வதில் இருக்கிறது. பூமியின் நடுவிலுள்ள திட உள்கருவின் எல்லையில் அழுத்தம் 330 ஜிகாபாஸ்கல், அதாவது சுமார் 33 லட்சம் வளிமண்டலம். அங்கே இரும்பின் உருகுநிலை சுமார் 4,850 கெல்வின் என்றது 1993இல் வந்த ஒரு கணக்கு. பரப்பு அசைவதைக் கண்ணால் பார்த்துச் சொன்னது அது. 2013இல் எக்ஸ்-கதிரில் திரவத்துக்கே உரிய மங்கல் வளையத்தைத் தேடியவர்கள், 200 ஜிகாபாஸ்கல் வரை அளந்து, அங்கிருந்து நீட்டி, 6,230 என்றார்கள், முன்பின் 500. உருகுவதற்கு முன்பே படிகங்கள் வேகமாக மாறிமாறி அமைவதும் பரப்பில் அசைவாகத் தெரியும்; அதை உருகல் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு குறைந்துவிடும்.

இன்னொன்றை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சுத்த இரும்பு 1,538 டிகிரியில் உருகும், 4.3 சதம் கார்பன் ஏறினால் 1,147இலேயே உருகிவிடும். வைரமும் கார்பன்தான். அது கசிந்து இரும்பில் ஏறினால் உருகுநிலை இறங்கிக் காட்டும். சோதனை முடிந்ததும் மாதிரியைக் குறுக்கே வெட்டி, கார்பன் ஏறியிருக்கிறதா என்று பார்த்த முடிவுகளையே நம்பலாம்.

கேள்வி: மாணிக்கக் கல்ல வெச்சு அழுத்தம் அளக்கறாங்களாமே, நெசமுங்களா?
– கல் பட்டை தீட்டும் வாசகர், காங்கேயம்

பதில்: நிஜம்தான், 1972 முதல். அந்த வைரங்களுக்கு நடுவே சில மைக்ரான் துகள் வைத்தால் போதும். பச்சை லேசர் பட்டதும் அதிலுள்ள குரோமியம் 694.2 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிரும். ஒரு ஜிகாபாஸ்கலுக்குச் சுமார் 0.36 நானோமீட்டர் வீதம் அந்த ஒளியின் நிறக்கோடு நகரும். சூட்டிலும் அது நகரும் என்பதுதான் தொல்லை: 50 டிகிரி ஏறினாலே ஒரு ஜிகாபாஸ்கல் கூடியதுபோல் காட்டும். ஆகவே மாணிக்கத்தை, இரும்பைச் சுடும் லேசர் படாத ஓரத்தில் வைத்து, சுடுவதற்கு முன்னும் ஆறிய பின்னும் அளக்க வேண்டும். சூட்டால் உள்ளே கூடும் அழுத்தத்தைத் தனியாகக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும்.