சனியின் வளையம் எங்கே போனது?

கேள்வி: 70 மி.மீ. தொலைநோக்கி ஒன்று வாங்கி, 2025 நவம்பரில் சனியைப் பார்த்தேன். படங்களில் வரும் அகன்ற வளையம் இல்லை. சின்ன உருண்டை, அதன் குறுக்கே ஊசி செருகியது போல் ஒரு கோடு, அவ்வளவுதான். லென்ஸ் பழுதா? திருப்பிக் கொடுத்துவிடலாமா? கூடவே என் மகனின் கேள்வி: சனி வெறும் வாயு என்றால் அது தண்ணீரில் மிதக்குமாமே, உண்மையா?

பதில்: கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் பார்த்த கோடுதான் வளையம். அந்த மாதத்தில் அது அப்படித்தான் தெரிய வேண்டும். நன்றாகத் தெரிந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

சனியின் அச்சு சுமார் 27 பாகை சாய்ந்திருக்கிறது. வளையம் அதன் நடுக்கோட்டை ஒட்டியே இருப்பதால் அதுவும் அதே சாய்வில் இருக்கும். சனி சூரியனை ஒருமுறை சுற்ற சுமார் 29 ஆண்டுகள் ஆகும். அத்தனை காலமும் அச்சு ஒரே திசையைத்தான் காட்டுகிறது. எனவே நாம் வளையத்தைச் சில ஆண்டுகள் மேலிருந்தும் சில ஆண்டுகள் கீழிருந்தும் பார்க்கிறோம். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும்போது, தட்டைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்தால் விளிம்பு மட்டும் தெரியுமே, அந்த நிலை வரும். 2025 மார்ச்சில் அது வந்தது. நவம்பரில் பூமியின் நகர்வால், நம் பக்கம் வளையம் காட்டும் சாய்வு மறுபடி அரைப் பாகைக்கும் கீழே இறங்கியது. நீங்கள் சரியாக அப்போது போய் எட்டிப் பார்த்திருக்கிறீர்கள்.

இதே இடத்தில் குழம்பியவர் சாதாரண ஆள் இல்லை. 1610-ல் கலிலியோ சனியின் இரு பக்கமும் ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்தார். 1612-ல் பார்த்தால் அவற்றைக் காணோம். ரோமானியப் புராணத்துச் சனிக் கடவுளைப் போல, சனி தன் பிள்ளைகளையே விழுங்கிவிட்டதா என்று எழுதிவைத்தார். அது வளையம் என்று 1650-களில் டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் சொன்ன பிறகுதான் புதிர் அவிழ்ந்தது.

சரி, விளிம்பைப் பார்த்தால் ஏன் காணாமலே போகிற அளவுக்கு மெலிகிறது? முக்கிய வளையங்களின் விட்டம் ஏறத்தாழ 2,80,000 கி.மீ. தடிமனோ பெரும்பாலான இடங்களில் பத்து மீட்டர் அளவுதான். ஒரு காகிதத்தின் தடிமனுக்கு அதைச் சுருக்கினால், அந்தக் காகிதம் கிட்டத்தட்ட 3 கி.மீ. அகலத்துக்கு விரிந்து கிடக்கும்! இவ்வளவு தட்டையாக அதை வைத்திருப்பது மோதல்கள்தான். வளையம் என்பது ஒற்றைத் தகடு இல்லை. தூசு முதல் வீட்டளவு வரையிலான, பெரும்பாலும் தண்ணீர்ப் பனிக்கட்டியாலான துண்டுகளின் கூட்டம். ஒவ்வொரு துண்டும் தனித்தனியே சனியைச் சுற்றுகிறது. உள்விளிம்பில் இருப்பவை ஒரு சுற்றைச் சுமார் 6 மணி நேரத்தில் முடிக்கின்றன, வெளிவிளிம்பில் 14 மணி நேரம் ஆகிறது. ஏதாவது ஒன்று மேலும் கீழுமாக ஆடினால், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூட்டத்தின் நடுவே புகுந்து வர வேண்டும். பக்கத்தில் இருப்பவற்றோடு இடித்து இடித்து அந்த ஆட்டம் அடங்கிவிடும். கெட்டியான ஒரே தட்டாக இருந்தால் நிலைக்காது, உடைந்துவிடும் என்று 1850-களிலேயே இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

உருண்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளையத்தின் தொந்தரவு இல்லாமல் அதைப் பார்க்க இதைவிட நல்ல காலம் கிடையாது, அதனால் உங்கள் நவம்பர் வீண் இல்லை. அது முழு வட்டமாக இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நடுவில் விட்டம் 1,20,500 கி.மீ., துருவத்துக்குத் துருவம் 1,08,700 தான். பத்தரை மணி நேரத்துக்கு ஒருமுறை சுழல்கிற வேகத்தில் இடுப்பு பிதுங்கிவிட்டது. இந்தச் சுழற்சி நேரத்தைத் துல்லியமாகக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். சனியில் அடையாளம் வைத்துப் பார்க்கத் தரையே இல்லை. மேகங்களோ இடத்துக்கு இடம் வேறு வேகத்தில் ஓடுகின்றன. கடைசியில் வளையம்தான் காட்டிக்கொடுத்தது. சனியின் உள்ளே எழும் அதிர்வுகள் அதன் ஈர்ப்பை லேசாக அசைக்க, அது வளையத்தில் அலைகளாகப் பதிகிறது. சனியைச் சுற்றிவந்த காசினி விண்கலம் பதிவுசெய்த அந்த அலைகளிலிருந்து கிடைத்த விடை 10 மணி 33 நிமிடம் சொச்சம்.

இப்போது மகனுக்கு. சனியின் சராசரி அடர்த்தி தண்ணீரில் சுமார் 70 சதவீதம். 'மிதக்கும்' என்ற பேச்சு இதிலிருந்துதான் வந்தது. ஆனால் அது சராசரிக் கணக்கு. மேலே லேசான ஹைட்ரஜனும் ஹீலியமும். இறங்க இறங்க அழுத்தம் ஏறி அதே ஹைட்ரஜன் திரவமாகி, இன்னும் ஆழத்தில் மின்சாரம் கடத்தும் உலோகம் போலாகிவிடுகிறது. அதற்கும் கீழே பாறையும் பனியும் கலந்த கனமான பொருட்கள். பந்து போல அப்படியே மிதக்காது, வாயு கலைந்து கனமானதெல்லாம் மூழ்கும். 'வெறும் வாயு' என்பதும் பாதி உண்மைதான் என்று சொல்லுங்கள்.

அப்புறம் லென்ஸ். உங்கள் மனநிம்மதிக்கு ஒரு சோதனை. வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வர, கருவியை அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, உச்சியில் உள்ள ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பாருங்கள். குவியத்தில் அது கூர்மையான புள்ளியாக இருக்க வேண்டும். குவியத்தை லேசாகக் கலைத்தால் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் தெரியும். அவை ஒரே மையத்தில் இருந்தால் லென்ஸ் நன்றாக இருக்கிறது. ஒரு பக்கம் இழுத்தாற்போல் இருந்தால் மட்டும் கடைக்காரரிடம் பேசுங்கள்.

அடுத்து சனியைப் பார்க்கும்போது அது வானில் நன்றாக மேலேறும்வரை காத்திருங்கள். 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்) தேடிப் பிடித்து, 10 மி.மீ.க்கு மாறுங்கள். குழாயின் குவிய தூரம் 700 மி.மீ. என்றால் அது 70 மடங்கு, போதும். 140 மடங்குக்கு மேல் 70 மி.மீ. லென்ஸ் தாங்காது, பெட்டியில் 300 மடங்கு என்று அச்சிட்டிருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். வளையம் இனி வருஷா வருஷம் விரியும், 2032 வாக்கில் முழுசாகத் திறந்திருக்கும். மறுபடி கோடாவது 2038-ல்.