வீட்டுக் கம்ப்யூட்டருக்கு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றில் எது பாதுகாப்பானது?

கேள்வியைப் பார்த்தால் உங்கள் வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், அதை நாலு பேர் தொடுகிறீர்கள், விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டு யோசிக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இல்லையென்றால் மன்னிக்கவும். எங்கள் வீட்டு நிலைமை அதுதான், அதை வைத்துத்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. பாலக்காடு ஜில்லாவில் கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ் வழி வகுப்புகளுக்கு டீச்சர். இந்தக் கேள்விக்கு எனக்கு முன்னால் பதில் எழுதியவர்கள் "லினக்ஸ் போடுங்க, வைரஸே வராது" என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். அதைப் படித்ததும் பழைய புண் ஒன்று வலித்தது. அதனால்தான் இவ்வளவு நீளம்.

2020, ஊரடங்கு. பிள்ளைகளுக்குப் பாடத்தை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன். வெட்டி ஒட்ட நல்ல சாப்ட்வேர் வேண்டும் என்று ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னது என் தப்பு. கொழுந்தனார் காதில் விழுந்துவிட்டது.

"காசு குடுத்தெல்லாம் வாங்காதீங்க அண்ணி, நான் போட்டுத் தர்றேன்" என்று எங்கிருந்தோ கிராக் ஒன்றை, அதாவது காசு கட்டாமல் ஓட்டுவதற்காகப் பூட்டு உடைத்த சாப்ட்வேரை, இறக்கினார். கூடவே ஒரு சின்ன டெக்ஸ்ட் பைல். 'முதலில் ஆன்டிவைரஸை அணைக்கவும், பிறகு இதை ஓட்டவும்' என்று அதில் இருந்தது. விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிபெண்டர் சும்மா இருக்கவில்லை, சிவப்பில் எச்சரிக்கை காட்டி அந்தப் பைலைப் பிடித்து ஒதுக்கி வைத்தது. "இது என்ன தம்பி, திட்டுதே?" என்றேன். "கிராக்குன்னா அப்படித்தானுங்க அண்ணி சொல்லும்." டிபெண்டரை அணைத்தார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நான். குரைத்த நாயைக் கட்டிப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்துவிட்ட கதை.

கொஞ்ச நேரத்தில் 'விண்டோஸ் அப்டேட் ஆகிறது' என்று ஒரு ஜன்னல் வந்தது. அப்டேட் ஓடும்போது தொடக்கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது அப்டேட்டே இல்லை. அந்த ஜன்னலை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் ஒவ்வொரு பைலாகப் பூட்டிக்கொண்டிருந்தது. முடிந்தபோது எல்லாப் பைல் பெயருக்கும் வாலாக நாலு எழுத்து ஒட்டியிருந்தது. ஒவ்வொரு போல்டரிலும் ரீட்மீ என்று ஒரு கடிதம்: 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதி, 490.

டாலர் அப்போது 75 ரூபாய் சுமாருக்கு இருந்தது. அந்தப் பாதியைக் கணக்குப் போட்டாலே கிட்டத்தட்ட முப்பத்தேழாயிரம். மாமனார் விவரம் கேட்டுவிட்டு, "அந்தக் காசுக்கு ஒரு மாடு புடிச்சுப்போடலாமே கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டார். நாங்கள் கட்டவில்லை. கட்டினாலும் சாவி வரும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

அது ஸ்டாப் அல்லது டிஜேவியூ என்கிற வகை. கிராக் சாப்ட்வேர்களோடு வீட்டு ஆட்களைக் குறிவைத்தே பரவியது. எம்சிசாப்ட் என்கிற நிறுவனம் 2019-லேயே அதைத் திறக்க இலவசக் கருவி ஒன்றை விட்டிருந்தது. அதில் ஒரு சிக்கல். பூட்டும் நேரத்தில் நெட் இல்லாவிட்டால் அந்த வைரஸ் எல்லோருக்கும் பொதுவான ஒரு சாவியைப் போடும், அதைத் திறக்க வாய்ப்பு உண்டு. நெட் இருந்தால் அவர்கள் சர்வரிலிருந்து தனிச் சாவி வந்துவிடும், அதோடு கதை முடிந்தது. எங்கள் வீட்டில் வாரத்தில் நாலு நாள் நெட் இருக்காது. அன்றைக்கென்று நன்றாக இருந்தது.

மகளின் காதுகுத்துப் படங்கள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வீடியோ கிடைத்தது. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று அது ஒவ்வொரு பைலிலும் முதல் 150 கேபி சுமாருக்குத்தான் பூட்டும். பெரிய வீடியோவில் மிச்சமெல்லாம் அப்படியே இருக்கும். அதே போனில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரிக்குக் கொடுத்து, ஒரு இலவசக் கருவியை வைத்துத் தலைப்பகுதியை ஒட்டவைத்தார் கோயம்புத்தூரில் இருக்கும் என் சிநேகிதியின் தம்பி. மாமன் மடியில் உட்கார்ந்து மகள் அலறுவது முழுசாகக் கிடைத்தது.

இதோடு போன இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். ஸ்கேன் செய்து வைத்திருந்த சர்டிபிகேட்டுகள். எல்லையில் வாழும் தமிழர்களுக்கு இது புரியும். நாம் இனிஷியலை முன்னால் போடுவோம், இங்கே பின்னால் போடுவார்கள். ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் வேறு மாதிரி. மூன்றும் ஒரே ஆள்தான் என்பதற்கு 'ஒன் அண்ட் சேம்' சர்டிபிகேட் வேண்டும். பழனியப்பன் என்கிற பெயரில் இருக்கும் 'ழ'வை ஆங்கிலத்தில் எப்படி எழுதினாய் என்று அதற்கும் ஒரு விசாரணை. மலையாளத்திலும் 'ழ' இருக்கிறதே சார், கோழிக்கோட்டை எப்படி எழுதுகிறீர்கள் என்று ஒரு ஆபீசில் கேட்டுவிட்டேன். அதற்காகவே இரண்டு வாரம் நடக்கவிட்டார்கள். அப்படி நடந்து வாங்கிய தாளின் நகல்கள் அத்தனையும் போயின.

சரி, கேள்விக்கு வருகிறேன்.

லினக்ஸ் ஆட்கள் சண்டைக்கு வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், நானும் லினக்ஸ் ஆள்தான். கேரளத்துப் பள்ளிகளில் கைட் என்கிற அரசு நிறுவனம் கொடுக்கும் லினக்ஸைத்தான் பல வருஷமாகப் பயன்படுத்துகிறேன், அது உபுண்டு என்கிற லினக்ஸ் வகையை வைத்துச் செய்தது. வெளியே பிரிண்ட் எடுக்கப் போன பென்டிரைவ் திரும்பி வந்தால் விண்டோஸில் போல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்கும், உண்மையான போல்டர் கண்ணுக்குத் தெரியாது. அதே பென்டிரைவைப் பள்ளி லேப்டாப்பில் செருகினால் ஒளித்துவைத்த போல்டரும் தெரியும், வைரஸ் பைலும் பக்கத்திலேயே வெட்டவெளியில் தெரியும். அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். அந்த வகையில் லினக்ஸ் நிம்மதிதான். சாப்ட்வேரை ஊரெல்லாம் தேடாமல் அதன் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே எடுப்பது அதைவிடப் பெரிய நிம்மதி.

ஆனால் வைரஸே வராது என்று சொல்லாதீர்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்கிற இன்னொரு லினக்ஸ் வகையின் சொந்தத் தளத்திலேயே புகுந்து, கள்ளக் கதவு வைத்த பைலை இறக்கும்படி சுட்டியை மாற்றிவைத்தார்கள். 2024 மார்ச்சில் லினக்ஸில் இருக்கும் எக்ஸ்இசட் என்கிற சின்னக் கருவிக்குள் ஒளித்துவைத்த கள்ளக் கதவை ஆண்ட்ரஸ் பிராய்ண்ட் என்கிற பொறியாளர் கண்டுபிடித்தார். லாகின் ஆக அரை நொடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டதால் அகப்பட்டது. இன்னொன்று, லினக்ஸில் ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள கணக்கின் பாஸ்வேர்டு இல்லாமல் சிஸ்டத்தைத் தொட முடியாது என்பார்கள். உண்மைதான். மகளின் காதுகுத்துப் படம் சிஸ்டத்திலா இருக்கிறது? என் போல்டரில் இருக்கிறது. நான் ஓட்டும் எந்தப் புரோகிராமும் அதைத் தொடலாம், ரூட் தேவையில்லை. விண்டோஸிலும் அதே கதைதான்.

மேக் பற்றி எனக்கு அனுபவம் குறைவு, வாங்கும் விலையும் இல்லை. அதிலேயே இருக்கும் கேட்கீப்பர் என்கிற காவல் தெரியாத புரோகிராமைத் தடுக்கும், 2019-க்குப் பிறகு வந்தவற்றில் டாக்குமென்ட்ஸ் போல்டரைத் தொட ஒரு புரோகிராம் அனுமதி கேட்க வேண்டும். நல்ல ஏற்பாடு. 2012-ல் பிளாஷ்பேக் என்கிற வைரஸ் ஆறு லட்சம் மேக்குகளில் புகுந்ததும் நடந்ததுதான்.

விண்டோஸைத் திட்டுவது சுலபம். அந்தக் கிராக்கைப் பிடித்தது விண்டோஸின் டிபெண்டர்தான், அணைத்தது நாங்கள். 2017 மே மாதம் வானாக்ரை என்கிற, இதே மாதிரி பைலைப் பூட்டும் வைரஸ் வந்தபோது கேரளத்தில் பஞ்சாயத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்கள்கூட மாட்டின, அதற்கான அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச்சிலேயே விட்டிருந்தது. 'கன்ட்ரோல்டு போல்டர் ஆக்சஸ்' என்று ஒன்று 2017 கடைசியிலிருந்தே விண்டோஸ் 10-ல் இருக்கிறது. தெரியாத புரோகிராம் படங்களையும் டாக்குமென்ட்டையும் மாற்ற விடாது. தானாக இயங்காது, நாமேதான் போட வேண்டும். இது எனக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியவந்தது. எங்கள் வீட்டில் டிபெண்டரையே அணைத்தோமே, அதோடு இதுவும் சேர்ந்து அணைந்திருக்கும் என்று யாராவது சொல்வீர்கள். சரிதான், ஒத்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு என்ன சொல்வது? கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐத் தாங்கும் என்றால் அதையே காசு கொடுத்த ஒரிஜினலாகப் போட்டு, அட்மின் கணக்கு உங்களிடம், மற்றவர்களுக்குச் சாதாரணக் கணக்கு. தாங்காது, பிரவுசரும் லிபரே ஆபீஸ் என்கிற இலவச ஆபீஸ் சாப்ட்வேரும் போதும் என்றால் உபுண்டு. டிடிபி, டேலி என்று தொழில் இருந்தால் லினக்ஸ் ஒத்துவராது, வீணாக முயலாதீர்கள். எதுவானாலும் படங்களை ஒரு ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, முடிந்ததும் வயரைப் பிடுங்கிவிடுங்கள். செருகியே இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டும். எங்கள் வீட்டு டிஸ்க் அரிசி டிரம்முக்கு மேலே இருக்கிறது.

எங்களுடையது பழைய ஐ3 பிராசஸர் உள்ள கம்ப்யூட்டர், விண்டோஸ் 11 ஏறாது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றதும் உபுண்டு போட்டுவிட்டேன். "ஏதோ ஒண்ணு இன்ஸ்டால் பண்ணணுமுங்க அண்ணி" என்று கொழுந்தனார் இன்னும் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டிருக்கிறார். மாமனாரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். நான் சொல்லிவைத்தது பசுமாட்டின் பெயரும் அது கன்று போட்ட தேதியும்தான் பாஸ்வேர்டு என்று. தேதி மாமனாருக்குத் தமிழ் மாதத்தில்தான் ஞாபகம் இருக்கிறது.