கேள்வி–பதில்: கிளிக்குத் தைராய்டு சோதனை, எந்த முறையில்?

கேள்வி: என் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு நெஞ்சிறகு உதிர்கிறது. டவுன் லேபில் பார்த்ததில் டி4 (தைராய்டு சுரக்கும் தைராக்ஸின் ஹார்மோன்) “0.5-க்குக் கீழ்” என்றும், டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவு தென்படவில்லை என்றும் ரிப்போர்ட் வந்தது. தைராக்ஸின் மாத்திரை தொடங்கலாமா? – வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தொடங்காதீர்கள். அந்த ரிப்போர்ட்டில் இருப்பது கருவியால் அளக்க முடிந்த கடைசி எல்லை. கிளியின் அளவு அதில் இல்லவே இல்லை. மொத்த டி4 ஒரு டெசிலிட்டருக்கு மனிதருக்கு 5 முதல் 12 மைக்ரோகிராம், நாய்க்கு 1 முதல் 4. கிளி இனங்கள் பலவற்றில் நல்ல ஆரோக்கியத்திலேயே அது 1-ஐத் தாண்டாது. தைராக்ஸினை இறுகப் பற்றும் குளோபுலின் புரதம் பறவை ரத்தத்தில் இல்லாதது இதற்கு ஒரு காரணம்.

டி.எஸ்.எச்.சுக்குக் கொடுத்த பணம் வீண். ஹார்மோனைப் பிடிக்க லேப் சோதனையில் பயன்படும் மனிதருக்கான எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) பறவையின் டி.எஸ்.எச்.சை நம்பும்படி பிடிக்காது. தீனியில் வைட்டமின் தூள் கலப்பவரானால் இன்னொன்றும் உண்டு: அதிலுள்ள பயோட்டின், ஒளியை வைத்து அளக்கும் சில கெமிலுமினசென்ஸ் கருவிகளில் டி4-ஐ உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். ரத்தம் எடுப்பதற்குச் சில நாள் முன்பே தூளை நிறுத்திவிடுங்கள்.

உறுதியான விடை தருவது தூண்டல் சோதனை. முதலில் ஒரு ரத்தம், பிறகு டி.எஸ்.எச். ஊசி, 4 முதல் 6 மணி நேரம் கழித்து இரண்டாவது ரத்தம். டி4 இரு மடங்காவது ஏறினால் சுரப்பி நலமாக இருக்கிறது. ஆனால் அந்த ஊசிமருந்து எளிதில் அகப்படாது. கிளிகளில் உண்மையான தைராய்டு குறைபாடு மிக மிக அரிது என்பதால், ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டி, அலகு–இறகு வைரஸ், பேன், இறகு பிடுங்கும் பழக்கம், சத்துக்குறைவு இவற்றை முதலில் பாருங்கள். தேவையில்லாமல் கொடுக்கும் தைராக்ஸின் இதயத்துடிப்பைக் கூட்டும், உடலை இளைக்கவைக்கும்.

கேள்வி: எங்கள் லேபில் மனிதருக்கான எலிசா கிட்தான் (நிறத்தை வைத்து அளப்பது) இருக்கிறது. அதில் கிளியின் டி4 பார்க்க வழியுண்டா? – லேப் டெக்னீஷியன், பாளையங்கோட்டை

பதில்: உண்டு, ஆனால் கிட்டில் சொன்னபடியே செய்தால் வராது. பல கிட்களில் பூஜ்யத்துக்கு அடுத்த ஸ்டாண்டர்டே (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) 2 மைக்ரோகிராம். கிளியின் அளவு முழுவதும் அந்த இடைவெளிக்குள் விழுந்துவிடும். இது போட்டி முறை: ரத்தத்திலுள்ள டி4-உம் கிட்டிலுள்ள, நிறம் தரும் டி4-உம் எதிர்ப்பொருளுக்காகப் போட்டியிடும். ஹார்மோன் குறையக் குறைய நிறம் கூடும். அடிமட்டத்தில் நிறம் ஏறக்குறைய உச்சத்திலேயே நிற்பதால், பிப்பெட் சற்றுப் பிசகினாலும் விடை இரட்டிப்பாகலாம்.

2-ஐப் பூஜ்ய ஸ்டாண்டர்டால் பாதி பாதியாக நீர்த்து 1, 0.5, 0.25 தயாரியுங்கள். கிட் 25 மைக்ரோலிட்டர் சொன்னால், ஸ்டாண்டர்டுக்கும் பிளாஸ்மாவுக்கும் ஒன்றுபோல 50 போட்டுப் பாருங்கள். எல்லாம் இரண்டு இரண்டு குழியில். ஸ்டாண்டர்ட் மனித சீரத்தில் கரைந்தது. கிளி பிளாஸ்மாவின் புரதம் வேறு. ஆகவே கரித்தூளால் ஹார்மோன் நீக்கிய கிளி பிளாஸ்மாவில் தெரிந்த அளவு டி4 கலந்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பாருங்கள். 80 முதல் 120 சதவீதத்துக்குள் வராவிட்டால் ரிப்போர்ட் கொடுக்காதீர்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு எண்ணை மட்டும் தருவது பறவைக்குச் செய்யும் தீங்கு.

ஐயோடின்-125 பயன்படுத்தும் ரேடியோ இம்யூனோ முறை கீழளவுகளில் இதைவிட நல்லது. கதிரியக்க அனுமதி வேண்டும். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி மூலக்கூறின் எடையையே பார்ப்பதால் எதிர்ப்பொருள் தொல்லையும் பயோட்டின் தொல்லையும் இல்லை. செலவுதான் அதிகம். ஃப்ரீ டி4-க்கு (புரதத்தில் ஒட்டாத டி4) டயாலிசிஸ் முறை தவிர மற்றதை நம்ப வேண்டாம்.

ரத்தம் லித்தியம் ஹெப்பாரின் குழாயில், வலது கழுத்துச் சிரையிலிருந்து (ரத்தக்குழாய்), உடல் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் போகாமல் எடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் முழு ரத்தத்தை பஸ்ஸில் அனுப்பாதீர்கள், சிவப்பணு உடைந்துவிடும். பிளாஸ்மாவைப் பிரித்து உறையவைத்து, ஐஸில் அனுப்புங்கள்.

கேள்வி: தினையும் கம்பும் மட்டும் தின்னும் லவ் பேர்ட்ஸ், மூச்சுவிடும்போது டிக் டிக் என்கிறது. டி4 பார்க்கலாமா? – வாசகர், வள்ளியூர்

பதில்: வேண்டாம். 30 கிராம் பறவையிடம் 0.3 மில்லிக்கு மேல் எடுக்க முடியாது. மூச்சுத் திணறும் பறவையைப் பிடித்து அழுத்துவதே ஆபத்து. தானியம் மட்டும் தின்றால் ஐயோடின் குறைந்து சுரப்பி வீங்கும். அது மார்புக்கூட்டு வாயிலில் இருப்பதால் கையில் தட்டுப்படாமலே மூச்சுக்குழாயை நெருக்கும். டி4 அப்போதும் சரியாகவே இருக்கலாம். மருத்துவர் சொல்லும் அளவில் லூகோல் ஐயோடின் கரைசலைக் குடிநீரில் கலந்து கொடுங்கள், ஐயோடின் சேர்ந்த பெல்லட் தீனிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.